டீலர் வழியாக அனுப்பிய துப்பாக்கி நடுவில் நின்றுவிட்டால்: அமெரிக்கத் தனியார் விற்பனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு மாநிலத்துக்காரர் தன் சொந்தத் துப்பாக்கியை வேறு மாநிலத்துக்காரருக்கு விற்றால், அது உரிமம் பெற்ற டீலரின் கை வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். பணம் கைமாறி, பெட்டியும் கிளம்பிய பிறகு துப்பாக்கி எங்காவது நின்றுபோவது சாதாரணமாக நடக்கிறது. சட்டத்தை மீறியதால் நிற்பதைவிட, பெட்டிக்குள் ஒரு காகிதம் இல்லாததால் நிற்பதுதான் அதிகம்.

கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, கடைக்கு வந்துபோகும் துப்பாக்கிகளை டீலர் எழுதிவைக்கும் வரவு செலவுப் பதிவேடு. துப்பாக்கி கடைக்கு வந்தால், அடுத்த வேலை நாள் முடிவதற்குள் டீலர் அதை வரவில் எழுதியாக வேண்டும். விற்பனைக்காக வந்து வரவில் ஏறிய துப்பாக்கி வெளியே போக இரண்டே வாசல்கள்தான். ஒருவர் 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேறி வாங்கிப் போகலாம். இல்லையென்றால் அது இன்னொரு உரிமதாரருக்குப் போகும். 'சும்மா திருப்பிக் கொடுத்துவிடுங்கள்' என்று டீலரிடம் கேட்டுப் பயனில்லை. அவர் மனம் வைத்தாலும் அது அவரால் முடியாது.

இங்கே சொல்வது கூட்டாட்சிச் சட்டத்தின் நிலை. மாநிலச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். முக்கியமான இடங்களில் அதையும் குறிப்பிடுகிறோம்.

நானே நேராக வாங்குபவர் வீட்டுக்கு அனுப்பினால் என்ன?

வேறு மாநிலம் என்றால் அது குற்றம். 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், உரிமம் இல்லாத ஒருவர் வேறு மாநிலத்தில் வசிக்கும் உரிமம் இல்லாத இன்னொருவருக்குத் துப்பாக்கியை விற்பதையோ கொடுப்பதையோ தடுக்கிறது. நேரில் போய்க் கையில் கொடுத்தாலும் இதே கதைதான்.

கைத்துப்பாக்கி என்றால், வாங்குபவர் வசிக்கும் மாநிலத்து டீலர் வழியாக மட்டுமே அவர் கைக்குப் போகலாம். ரைபிளும் ஷாட்கன்னும் கொஞ்சம் தளர்வானவை. இரண்டு மாநிலங்களின் சட்டங்களுக்கும் பொருந்தினால், வேறு மாநிலத்து டீலரின் கடையில் நேரில் நின்றே வாங்கிக்கொள்ளலாம். இங்கே பலர் சறுக்கும் இடம், ஏஆர்-15 வகையின் வெறும் லோயர் ரிசீவர், அதாவது சட்டம் துப்பாக்கியாகவே கணக்கிடும் உடல்பகுதி. குழலும் தோளில் அணைக்கும் கட்டையும் இல்லாத ரிசீவர் சட்டத்தின் கண்ணில் ரைபிளும் அல்ல, ஷாட்கன்னும் அல்ல. அதனால் டீலரிடமிருந்து அதை வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். வாங்குபவரின் சொந்த மாநிலத்து டீலராகவும் இருக்க வேண்டும். ரைபிளுக்குப் போதுமான 18 வயது இதற்குப் போதாது.

பழைய துப்பாக்கிக்கும் இதெல்லாம் உண்டா?

1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டது என்றால் கூட்டாட்சிச் சட்டப்படி அது 'துப்பாக்கி' என்ற வரையறைக்குள்ளேயே வராது. டீலர் தேவையில்லை, மாநிலச் சட்டத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். செய்து 50 ஆண்டு தாண்டிய, மூல வடிவம் மாறாத துப்பாக்கிகள் சேகரிப்புப் பொருள் வகையில் வரும். வாங்குபவரிடம் 03 வகை சேகரிப்பாளர் உரிமம் இருந்தால், அந்த வகைத் துப்பாக்கியை மட்டும் உரிமத்தில் உள்ள அவர் முகவரிக்கே அனுப்பலாம். அதே உரிமத்தை நம்பிப் புதிய பிஸ்டல் ஒன்றை அனுப்பினால் சட்டமீறல். உரிம நகலில் வகை எண்ணைப் படிக்காமல் அனுப்புவதால்தான் இந்தத் தவறு நடக்கிறது.

டீலரின் உரிமம் உண்மையானதா என்று எப்படிப் பார்ப்பது?

உரிமத்தை எல்லோரும் எஃப்எஃப்எல் என்றுதான் சொல்வார்கள். அதன் எண் ஆறு துண்டுகளாக, மொத்தம் 15 எழுத்துகளில் இருக்கும். நான்காவது துண்டு உரிமத்தின் வகை: 01 டீலர், 02 அடகுக்கடை, 03 சேகரிப்பாளர், 07 தயாரிப்பாளர். ஐந்தாவது துண்டு காலாவதி. அதில் ஓர் இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். இலக்கம் ஆண்டின் கடைசி எண், எழுத்து மாதம். ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி, இப்படியே போகும். ஒன்பதாவது எழுத்தான ஐ மட்டும் எண் 1 போலத் தெரியும் என்பதால் விடுபட்டிருக்கும். ஆகவே செப்டம்பர் ஜே, டிசம்பர் எம்.

நகலைக் கையில் வாங்கியதும், துப்பாக்கி உரிமங்களைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப் நடத்தும் ஈஸி செக் என்ற இணையப் பக்கத்தில் எண்ணின் முதல் மூன்று இலக்கங்களையும் கடைசி ஐந்து இலக்கங்களையும் கொடுங்கள். கடையின் பெயரும் முகவரியும் வரும். அந்தப் பக்கத்தில் வரும் முகவரிக்கும் நகலில் இருக்கும் முகவரிக்கும் ஓர் எழுத்து மாறினாலும் அனுப்பாதீர்கள். மோசடிக்காரர்கள் உண்மையான டீலரின் நகலை எங்கிருந்தோ எடுத்து, முகவரியை மட்டும் திருத்தி அனுப்புகிறார்கள். அதனால் கடைக்குப் போன் செய்து கேட்பதும் கட்டாயம். நகலோடு வந்த எண்ணை விட்டுவிட்டு, நீங்களே தேடிக் கண்டுபிடித்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

உரிமம் மூன்று ஆண்டுக்குச் செல்லும். தேதி முடிந்திருந்தால் உடனே பயப்பட வேண்டாம். காலத்தில் புதுப்பிக்க விண்ணப்பித்த டீலருக்கு, புதிய உரிமம் வரும்வரை தொழில் நடத்த ஏடிஎஃப் கடிதம் தரும். அந்தக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

'தனி ஆள் அனுப்பினால் வாங்க மாட்டோம்' என்கிறார் வாங்குபவரின் டீலர். சட்டம் அப்படியா சொல்கிறது?

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உரிமம் இல்லாதவர் வேறு மாநிலத்து டீலருக்கு அனுப்பலாம், டீலரும் வாங்கலாம். ஆனால் வரவில் எழுத அனுப்பியவரின் சரியான பெயரும் முகவரியும் வேண்டும். தனி ஆட்கள் அனுப்பும் பெட்டிகளில் பாதி நேரம் அது இருக்காது. அந்தத் தலைவலிக்குப் பயந்தே பல கடைகள் டீலரிடமிருந்து டீலருக்கு மட்டும் என்று வைத்திருக்கின்றன. இது கடையின் கொள்கை, வாதாடிப் பயனில்லை. பணம் வாங்குவதற்கு முன்பே, 'தனி ஆளிடமிருந்து நேராக வாங்குவீர்களா, என்ன அடையாள நகல் வேண்டும், டிரான்ஸ்ஃபர் கட்டணம் எவ்வளவு?' என்று மூன்றையும் வாங்குபவரே தன் டீலரிடம் கேட்டு எழுத்தில் வாங்கித் தர வேண்டும். விற்பவர் முன்கூட்டிக் கேட்க வேண்டியது இது ஒன்றுதான். பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடும்.

கூரியர் கவுன்டரில் வாங்க மறுக்கிறார்கள்.

மறுக்கத்தான் செய்வார்கள். யுபிஎஸ், ஃபெட்எக்ஸ் இரண்டுமே 2022-க்குப் பிறகு, தங்களோடு ஒப்பந்தம் போட்ட உரிமதாரர்களிடமிருந்து மட்டுமே துப்பாக்கியை ஏற்கின்றன. 'இயந்திர உதிரி பாகம்' என்று பொய் சொல்லிப் போட்டுவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். தொலைந்தால் ஒரு காசு இழப்பீடு வராது. கூடவே, கொண்டுசெல்லும் நிறுவனத்துக்குத் துப்பாக்கி என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டிய இடத்தில் மறைத்தால் அது தனிக் குற்றமாகவும் ஆகலாம்.

அரசு அஞ்சலில் ரைபிள், ஷாட்கன் இரண்டையும் உரிமம் இல்லாதவரும் டீலருக்கு அனுப்பலாம். அங்கே காப்பீடு 5,000 டாலர் வரைதான் கிடைக்கும் என்பதை நினைவில் வையுங்கள். கைத்துப்பாக்கி விஷயம் வேறு. அதைத் தனி ஆள் அஞ்சலில் போடுவதற்கு எதிராக 1927-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. டீலர்களும் தயாரிப்பாளர்களும் மட்டும் 1508 என்ற அஞ்சல் படிவத்தை இணைத்துத் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளலாம்.

ஆகவே கைத்துப்பாக்கிக்கு நடைமுறையில் ஒரே வழி, உங்கள் ஊர் டீலரிடம் ஒப்படைத்து அவரை அனுப்பச் சொல்வது. அவருக்கு ஒரு கட்டணம், வாங்குபவரின் டீலருக்கு ஒரு கட்டணம், நடுவில் கூரியர் செலவு. மலிவான துப்பாக்கி என்றால் இந்த மூன்றும் சேர்ந்து விலையில் பெரிய பங்கைத் தின்றுவிடும். யார் எதைக் கொடுப்பது என்பதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

பெட்டிக்குள் என்னென்ன காகிதம் வைக்க வேண்டும்?

கடையில் வாரக்கணக்கில் 'யாருடையது என்று தெரியாத பெட்டி' என்று ஓரமாகக் கிடக்கும் துப்பாக்கிகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தில் தவறியவைதான். அனுப்பியவர் பெயர் இருக்கும், வாங்குபவர் பெயர் இருக்காது. அல்லது வாங்குபவரின் இணையப் புனைபெயர் மட்டும் இருக்கும். டீலர் யாரைக் கூப்பிடுவார்?

நான்கு விஷயங்கள் உள்ளே இருக்க வேண்டும். அனுப்புபவரின் அடையாள நகல்: தனி ஆள் என்றால் ஓட்டுநர் உரிமம், டீலர் என்றால் கையெழுத்திட்ட உரிம நகல். வாங்குபவரின் முழுச் சட்டப் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல். துப்பாக்கியின் விவரம்: தயாரிப்பாளர், மாடல், காலிபர், சீரியல் நம்பர், வெளிநாட்டில் செய்தது என்றால் இறக்குமதி செய்தவர் பெயரும். நான்காவதாக, 'இன்னாரின் விற்பனை, டிரான்ஸ்ஃபருக்கு' என்று ஒரு வரி. இதைத் தட்டச்சு செய்து, ஒரு பிரதியைத் துப்பாக்கிப் பெட்டிக்குள்ளும் இன்னொன்றை வெளிப்பெட்டி மூடியின் உட்புறத்திலும் ஒட்டுங்கள். அதே தாளைப் படம் பிடித்து டீலருக்கு டிராக்கிங் எண்ணோடு முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால், உள்ளே இருப்பது கிழிந்தாலும் வேலை நடக்கும்.

அடையாள நகலில் முகவரி பழையதாக இருந்தால், இப்போதைய முகவரியைக் கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் மற்ற எண்களை மறைப்பதில் தவறில்லை. பெயரையும் முகவரியையும் மறைத்தால் நகலே வீண்.

எப்படிக் கட்டினால் உடையாமல் போகும்?

முதலில் காலி செய்யுங்கள்: தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து விரலாலும் தடவிப் பாருங்கள். குழாய் மேகசின் உள்ள லீவர் ரைபிளிலும் ஷாட்கன்னிலும் குழாய்க்குள் ஒரு தோட்டா ஒட்டிக்கொண்டு நிற்பதுண்டு. தோட்டாவை அதே பெட்டியில் வைக்கவே கூடாது. கூடுதல் மேகசினுக்குள் மறந்துபோன இரண்டு தோட்டாக்கூடப் பெட்டியை நிறுத்திவிடும்.

ரைபிள்கள் உடைவது இரண்டு இடங்களில். கட்டையின் கழுத்து, அதாவது பிடி மெலியும் இடம். பெட்டி தலைகீழாக விழும்போது முறியும். இன்னொன்று குழல் முனை. உள்ளே ரைபிள் நழுவி, பெட்டியின் முனையைக் குத்திக் கிழித்து வெளியே எட்டிப் பார்க்கும். கிழிந்த ஓட்டை வழியே ஸ்கோப் மூடியும் ஸ்க்ரூக்களும் கொட்டிப்போகும். பார்ப்பவருக்கு உள்ளே என்ன என்றும் தெரிந்துவிடும். குழல் முனையில் தடித்த ரப்பர் மூடியோ மடித்த அட்டையோ வைத்து, இரண்டு முனைகளிலும் குறைந்தது 5 செ.மீ. இறுக்கமான நுரை இருக்கட்டும். குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைக் கழற்றித் தனியாகச் சுற்றி அதே பெட்டியில் கட்டுங்கள். போல்ட் இல்லாமல் வந்த ரைபிள் பற்றிய புகார்கள் பலவற்றில், போல்ட் நுரைக்கு அடியில் ஒளிந்திருக்கும். தாளில் 'போல்ட் தனிச் சுற்றில்' என்று எழுதினால் அந்தச் சண்டையே வராது.

பிளாஸ்டிக் பெட்டியை அப்படியே மேலே முகவரி ஒட்டி அனுப்பாதீர்கள். பார்த்த உடனே துப்பாக்கிப் பெட்டி என்று தெரியும். அதை இரட்டைச் சுவர் அட்டைப்பெட்டிக்குள் வைத்து அனுப்புங்கள். கட்டுவதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுங்கள். சீரியல் நம்பர், கட்டையின் கழுத்து, குழல் முனை, இரு பக்கங்கள், கடைசியாகத் திறந்த பெட்டி. இழப்பீடு கேட்கும்போது கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

பெட்டிமேல் 'துப்பாக்கி' என்று எழுத வேண்டுமா?

வேண்டாம். வெளியில் அப்படி எழுதச் சொல்லிக் கூரியர் நிறுவனம் வற்புறுத்தவே சட்டம் தடை விதித்திருக்கிறது. திருட்டைத் தடுக்கத்தான் அந்த விதி. அனுப்புபவர் இடத்திலும் பெறுபவர் இடத்திலும் கடையின் பெயரில் 'கன்' என்ற சொல் இருந்தால், சுருக்கப் பெயர் போட முடியுமா என்று டீலரிடம் கேளுங்கள்.

டிராக்கிங்கில் 'டெலிவரி ஆனது' என்று இருக்கிறது. டீலர் வரவில்லை என்கிறார்.

ஒரு நாள் பொறுங்கள். வந்த பெட்டியை ஊழியர் உள்ளே வைத்துவிட்டு, இன்னும் பதிவேட்டில் ஏற்றாமல் இருக்கலாம். அடுத்த நாள் கடைக்குப் போன் செய்யும்போது, டிராக்கிங் எண்ணின் கடைசி நான்கு எண்ணையும் அனுப்பியவர் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பெயரில் தேடினால் கிடைக்காது. பெட்டியின் மேல் இருப்பது அனுப்பியவர் பெயர்.

அப்படியும் இல்லையென்றால் கையெழுத்தைக் கேளுங்கள். துப்பாக்கிப் பெட்டியைப் பெற்றதற்கான எழுத்து ஒப்புதல் இல்லாமல் கொடுக்கக் கூரியருக்குச் சட்டப்படி அனுமதி கிடையாது. யார் பெயரில், எத்தனை மணிக்குக் கையெழுத்து என்ற தகவலை அனுப்பியவர் கேட்டு வாங்கலாம். பெரும்பாலும் அதே வணிக வளாகத்தில் பக்கத்துக் கடையில் யாராவது வாங்கி வைத்திருப்பார்கள்.

தொலைந்தேவிட்டது என்று உறுதியானால்?

அனுப்பியவர் டீலராக இருந்தால், தெரிந்த 48 மணி நேரத்துக்குள் ஏடிஎஃபுக்கும் உள்ளூர்க் காவல்துறைக்கும் அவர் தெரிவிக்க வேண்டும். வழியில் தொலைந்தது, அனுப்பிய உரிமதாரரின் இருப்பிலிருந்து தொலைந்ததாகவே கணக்கு. வாங்கவேண்டிய டீலருக்கு அந்தப் பொறுப்பு இல்லை. துப்பாக்கி அவர் வரவில் ஏறவே இல்லையே. தனி ஆள் அனுப்பியிருந்தால், சீரியல் நம்பரோடு உடனே காவல்துறையில் புகார் கொடுங்கள். அந்த எண் என்சிஐசி என்ற தேசியத் தரவுத்தளத்தில் திருடுபோனதாக ஏறும். நாளை அது எங்காவது ஒரு குற்றத்தில் அகப்பட்டால், உங்களைக் காப்பது அந்தப் புகாரின் தேதிதான்.

இழப்பீடு கேட்பது பொதுவாக அனுப்பியவரின் உரிமை. உங்கள் ஊர் டீலரின் கணக்கில் அனுப்பினால், கூரியருக்கு அவர்தான் அனுப்பியவர்; கேட்கவேண்டியவரும் அவர்தான். ஆகவே அனுப்பும் அன்றே, எவ்வளவு மதிப்பு அறிவிக்கிறார், தொலைந்தால் பணம் யாருக்கு வரும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

பெட்டி வந்தது, துப்பாக்கி உடைந்திருக்கிறது. 4473 நிரப்பலாமா?

நிரப்பாதீர்கள். வரவில் ஏறியிருந்தாலும் உங்கள் பெயருக்கு மாறாதவரை திருப்பி அனுப்புவது எளிது: டீலர் அதை விற்பவரின் ஊர் டீலருக்கு அனுப்பினால் போதும். நீங்கள் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டால், மறுபடி கடைக்குக் கொண்டுவந்து, வரவில் ஏற்றி, அனுப்பி, அங்கே விற்பவர் 4473 நிரப்பி... எல்லாச் செலவும் இரட்டிப்பு. கவுன்டரில் நின்று குழலுக்குள் விளக்கடித்துப் பாருங்கள், கட்டையின் கழுத்தைப் பாருங்கள், போல்ட்டை ஓட்டிப் பாருங்கள். டீலர் அவசரப்படுத்தினாலும் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். பெட்டி, நுரை, டேப் எதையும் எறிய விடாதீர்கள்; கூரியர் ஆய்வுக்குக் கேட்பார்கள்.

சீரியல் நம்பர் தாளில் ஒன்று, துப்பாக்கியில் ஒன்று. இப்போது?

டீலர் எழுதுவது துப்பாக்கியில் செதுக்கியிருப்பதைத்தான். தாளில் இருப்பது தட்டச்சுப் பிழை என்றால், விற்பவரிடமிருந்து திருத்திய ஒரு வரி போதும். 0-வும் ஓ எழுத்தும், 1-ம் ஐ எழுத்தும் மாறுவது மிகச் சாதாரணம்.

இன்னொரு காரணம், எண்ணைத் தவறான பாகத்தில் பார்த்து எழுதுவது. பழைய மௌசர் ரைபிள்களில் போல்ட்டிலும் ஓர் எண் இருக்கும். அது ரிசீவர் எண்ணோடு பொருந்தாமலும் இருக்கும். ரூகர் மார்க் வரிசைப் பிஸ்டல்களில் பிடிப்பகுதி ரிசீவர் அல்ல, குழலோடு சேர்ந்த மேல் பாகம்தான் ரிசீவர். சிக் பி320-ல் உள்ளே இருக்கும் இயக்கப் பெட்டிதான் ரிசீவர். பிடியில் ஒரு சின்னச் சன்னல் வழியே எண் தெரியும். பிடியை மாற்றினாலும் துப்பாக்கி மாறாது.

எண்ணே இல்லை என்றால், 1968-க்கு முன் செய்த மலிவான .22 ரைபிள்களிலும் ஷாட்கன்களிலும் அது இயல்பு. டீலர் 'எண் இல்லை' என்று எழுதிக்கொள்வார். ஆனால் எண் இருந்து, அதை உரசி அழித்த தடம் தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அதை வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். டீலர் ஏடிஎஃபைக் கூப்பிடுவார், கூப்பிடுவதுதான் சரி.

'இந்த மாநிலத்தில் இது செல்லாது' என்று டீலர் சொல்கிறார்.

இதற்கு முன்கூட்டிக் கேட்பதைத் தவிர மருந்தில்லை. கலிஃபோர்னியாவில் அரசின் பட்டியலில் இல்லாத கைத்துப்பாக்கியைச் சாதாரண ஆள் வெளிமாநிலத்திலிருந்து வரவழைக்க முடியாது. இரண்டு பேரும் அந்த மாநிலத்திலேயே இருந்து, அங்குள்ள டீலர் வழியாக விற்றால் மட்டும் பட்டியல் தடையில்லை. அங்கே அனுப்பும் வெளி டீலர் கிளம்பும் முன் மாநில நீதித்துறையிடம் ஓர் ஒப்புதல் எண்ணும் வாங்க வேண்டும். அந்த எண் இல்லாமல் வந்த பெட்டியைக் கலிஃபோர்னியா டீலர் தொட மாட்டார். துப்பாக்கி வந்த பின்னும் 10 நாள் காத்திருப்பு உண்டு.

மேகசினும் அப்படியே. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, மாசசூசெட்ஸ் மாநிலங்களில் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினுக்குத் தடை. கொலராடோவில் எல்லை 15. துப்பாக்கி சட்டப்படி சரியாக இருந்தும், கூட வந்த ஒரு 17 தோட்டா மேகசின் காரணமாக முழுப் பெட்டியும் திரும்பிப் போகிறது. விற்பவர் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, விலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்வதுதான் உத்தமம். நியூஜெர்சியில் கைத்துப்பாக்கிக்கு வாங்கும் அனுமதிச் சீட்டு, இலினாயில் துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டை என்று தனித்தனி உண்டு. இவை வந்துசேர நாளாகும், ஆகவே அது கையில் வந்த பிறகே பெட்டியைக் கிளப்புங்கள்.

ஒரு எச்சரிக்கை: 18 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ஷாட்கன், 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ரைபிள் எல்லாம் வேறு சட்டத்தின் கீழ் வரும், ஏடிஎஃபின் முன்அனுமதி இல்லாமல் சாதாரண டிரான்ஸ்ஃபரில் போகாது. தாத்தா காலத்து ஷாட்கன்னில் யாரோ குழலை வெட்டியிருக்கலாம். மூடிய போல்ட் முகத்திலிருந்து குழல் முனை வரை ஒரு குச்சியை உள்ளே விட்டு அளந்து பாருங்கள். நிரந்தரமாக இணைக்காத முனை இணைப்புகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பின்னணிச் சோதனையில் 'தாமதம்' என்று வந்திருக்கிறது.

எஃப்பிஐ நடத்தும் நிக்ஸ் சோதனை 1998 நவம்பரில் தொடங்கியது. பதில் மூன்றில் ஒன்று: போகலாம், தாமதம், மறுப்பு. தாமதம் என்றால் கூடுதலாக ஒரு பதிவைத் தேடுகிறார்கள் என்று பொருள். மூன்று வேலை நாள் முடிந்தும் பதில் வராவிட்டால், மாநிலச் சட்டம் தடுக்காத இடத்தில், டீலர் கொடுக்கலாம். கொடுத்தே ஆகவேண்டும் என்று இல்லை. 'போகலாம்' வராமல் கொடுப்பதில்லை என்று பல கடைகள் வைத்திருக்கின்றன. சோதித்த நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வியாழனன்று சோதித்தால், வெள்ளி, திங்கள், செவ்வாய் மூன்றும் போய், புதன்கிழமைதான். 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி இது 10 வேலை நாள் வரை நீளலாம்.

ஒரு சோதனையின் ஆயுள் 30 நாள். அதற்குள் துப்பாக்கியை எடுக்காவிட்டால் மறுபடி சோதனை. ஒவ்வொரு முறையும் தாமதம் வந்தால், பெயர் ஒற்றுமையே காரணமாக இருக்கலாம். படிவத்தில் கட்டாயமில்லாத சமூகப் பாதுகாப்பு எண்ணையும் கொடுப்பது உதவும். நிலையான தீர்வு வேண்டுமென்றால், எஃப்பிஐயின் தன்விருப்ப முறையீட்டுக் கோப்பில் விண்ணப்பித்து ஒரு தனி எண் வாங்கி, அதைப் படிவத்தில் எழுதுங்கள்.

'மறுப்பு' வந்தால் துப்பாக்கி என்ன ஆகும்?

கடையிலேயே இருக்கும். சோதனையின் எண்ணை டீலரிடம் கேட்டு வாங்கி, எஃப்பிஐயிடம் காரணம் கேட்டு முறையிடலாம். தவறான மறுப்புகள் இருக்கின்றன. பழைய வழக்கின் தீர்ப்பு நீதிமன்றத்திலிருந்து சோதனைக்கான பதிவுகளுக்குப் போகாமல் விட்டது ஒரு பெரிய காரணம். தீர்ப்பின் சான்று நகலை இணைத்து அனுப்புங்கள்.

நியாயமான மறுப்பு என்றால், துப்பாக்கி அவர் கைக்கோ கட்டுப்பாட்டுக்கோ போக முடியாது. டீலரிடமே விற்கலாம், விற்பவருக்கு அவர் ஊர் டீலர் வழியாகத் திருப்பலாம். தடை உள்ளவர் தன் கட்டுப்பாடு இல்லாமல் உரிமையை மட்டும் மூன்றாம் ஆளுக்கு மாற்றலாம் என்று 2015-இல் ஹெண்டர்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 'என் மனைவி பெயரில் எடுத்துக்கொள்கிறோம்' என்பது அதற்குள் வராது. அது புதிய குற்றம்.

நான் வேலையில் இருக்கிறேன். மனைவி போய் எடுத்துவரலாமா?

முடியாது. 4473-இல் 'உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?' என்பது கையெழுத்துக்கு முன் வரும் முக்கியக் கேள்வி. பணம் கொடுத்து வாங்கியவர் நீங்கள் என்றால் படிவமும் உங்களுடையதே. இரண்டு பேருமே சட்டப்படி தகுதியானவர்கள் ஆனாலும் பொய் பொய்தான். 2014-இல் அப்ராம்ஸ்கி வழக்கில், மாமாவுக்காக மருமகன் வாங்கிய பிஸ்டல் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. உண்மையாகவே பரிசாக ஒருவர் வாங்கிக் கொடுப்பது வேறு.

என் முகவரி ஓட்டுநர் உரிமத்தில் மாறவில்லை.

இப்போதைய முகவரி தெரியும் அரசு ஆவணம் ஒன்றைக் கூடக் கொண்டுபோங்கள்: வாகனப் பதிவு, வேட்டை உரிமம் போன்றவை. மின் கட்டண ரசீதை நம்பிப் போகாதீர்கள். அரசு வழங்கிய ஆவணம்தான் வேண்டும். அஞ்சல் பெட்டி எண் முகவரியாக ஏற்கப்படாது. ராணுவத்தில் இருப்பவருக்கு நிரந்தரப் பணியிடம் இருக்கும் மாநிலமும் வசிப்பிடமாகக் கொள்ளப்படும். பணி ஆணை நகல் தேவை.

தமிழ்ப் பெயர், முன்னெழுத்து, விசா: இதில் என்ன பிரச்சினை வரும்?

பெயர்தான் முதல் தடை. முன்னெழுத்தோடு வளர்ந்தவர்களுக்கு ஓட்டுநர் உரிமத்தில் ஒரு வரிசையும், பச்சை அட்டையில் இன்னொரு வரிசையும் இருக்கும். அப்பா பெயர் ஒன்றில் கடைசிப் பெயர், இன்னொன்றில் நடுப்பெயர். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தவர்களுக்கு முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியாது) என்று விழுந்திருக்கும். படிவத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னெழுத்து மட்டுமே சட்டப் பெயர் என்றால், அதற்குப் பக்கத்தில் 'ஐஓ' (முன்னெழுத்து மட்டும்) என்று எழுத வேண்டும். நடுப்பெயரே இல்லை என்றால் 'என்எம்என்'. இது படிவத்தின் அறிவுரையிலேயே இருக்கிறது, ஆனால் கடைக்காரருக்கு நினைவிருக்காது, நீங்கள் சொல்லுங்கள். விற்பவரிடம் பெயர் கொடுக்கும்போதும் ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடியே கொடுங்கள்.

பச்சை அட்டைக்காரர் வாங்கலாம். அட்டையில் உள்ள குடியேற்ற எண்ணைப் படிவத்தில் எழுத வேண்டும். எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவருக்குக் கூட்டாட்சிச் சட்டம் துப்பாக்கியைத் தடை செய்கிறது. செல்லுபடியான அமெரிக்க மாநில வேட்டை உரிமம் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு. அந்த உரிமத்தின் நகல் படிவத்தோடு இருக்க வேண்டும். காலாவதியான வேட்டை உரிமத்தோடு போனால் டீலர் மறுப்பார், மறுக்கவும் வேண்டும். முக்கியமாக, உரிமம் முடிந்த பிறகும் துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தால் விலக்கு போய்விடும். பச்சை அட்டை விண்ணப்பம் நிலுவையில் இருப்பதே போதும் என்று நினைத்து யாரும் முன்னேறாதீர்கள். குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். இங்கே ஒரு தவறு குடியேற்ற நிலையையே பறித்துவிடும்.

வாங்குபவர் வரவே இல்லை. டீலர் தினசரி வாடகை கேட்கிறார்.

அவரிடம் வரவில் ஏறியதால் துப்பாக்கி அவர் பொறுப்பில் இருக்கிறது. சேமிப்புக் கட்டணம் கடையின் விதி. எத்தனை நாள் இலவசம் என்பது பெரும்பாலும் கவுன்டரில் ஒட்டியிருக்கும். விற்பனை முறிந்துவிட்டது என்று இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டு, டீலருக்கு அனுப்புங்கள். அதுவரை யாருக்குத் திருப்புவது என்று அவருக்குத் தெரியாது. திரும்பி வரும் துப்பாக்கியை உங்கள் ஊர் டீலர் வரவில் ஏற்றுவார். நீங்கள் 4473 நிரப்பிச் சோதனை தேறித்தான் உங்கள் சொந்தத் துப்பாக்கியையே எடுத்துக்கொள்ள முடியும். கோபம் வரும், ஆனாலும் விதி அதுதான். கூரியர் செலவை யார் தருவது என்ற வாக்கியம், விற்பனைச் சீட்டில் முதல் நாளே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

டீலர் கடையை மூடிவிட்டார்; என் துப்பாக்கி உள்ளே.

மூடும் டீலர் தன் பதிவேடுகளை 30 நாளுக்குள் ஏடிஎஃபிடம் ஒப்படைக்க வேண்டும். அவை மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள தடமறியும் மையத்துக்குப் போகும். அதற்கு முன்பே அவரைப் பிடித்து, உங்கள் துப்பாக்கியை வேறொரு டீலருக்கு மாற்றச் சொல்லுங்கள். டிராக்கிங் ரசீது, கையெழுத்து விவரம், சீரியல் நம்பர் உள்ள தாள், பணம் கொடுத்த சான்று நான்கையும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் ஏடிஎஃபின் உள்ளூர் அலுவலகத்துக்கு அதே நான்கோடு போங்கள்; வரவில் ஏறிச் செலவில் இறங்காத துப்பாக்கி எங்கே என்று கேட்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது.